புதிதாக ஸ்னோபோர்டு கற்கப் போகிறவர் ரிசார்ட் தேர்ந்தெடுப்பது எப்படி: பணமும் மிஞ்ச வேண்டும், கலகலப்பும் குறையக்கூடாது

ரிசார்ட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று எண்களைத்தான் பார்க்கிறார்கள். மொத்தப் பாதைகள் எத்தனை கிலோமீட்டர், உச்சி எவ்வளவு உயரம், மலை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டுகளுக்கான பாஸ் என்ன விலை. முதன்முதலாக ஸ்னோபோர்டில், அதாவது இரு கால்களையும் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகையில், ஏறப் போகிறவருக்கு இந்த மூன்றாலும் பெரிய பயன் கிடையாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் ஒரே சின்னச் சரிவில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சரிவு எங்கே இருக்கிறது, அதற்கு எந்த லிஃப்ட் போகிறது, மாலையில் அங்கிருந்து எப்படி ஊருக்கு இறங்குவது என்பவைதான் உங்கள் வாரத்தைத் தீர்மானிக்கும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். மலிவான விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு ரிசார்ட்டைத் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு.

1. தேடலுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

பனியில் குறைந்தது ஐந்து நாட்கள் வேண்டும். முதல் நாள் விழுவதிலும் எழுவதிலும் போய்விடும். இரண்டாம் நாள் குதிகால் பக்க விளிம்பில் நிறுத்தப் பழகுவீர்கள். மூன்றாம் நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். திருப்பங்கள் கைகூடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மூன்று நாள் பயணம் மலிவாகத் தெரிந்தாலும், ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.

குழுவில் எல்லோரும் புதியவர்களா, ஏற்கெனவே தெரிந்தவர்களும் இருக்கிறார்களா என்பதை எழுதி வையுங்கள். கலந்த குழு என்றால், பயிற்சிச் சரிவும் பெரிய பாதைகளும் ஒரே இடத்தில் வந்து முடியும் மலை வேண்டும். இல்லாவிட்டால் மதிய உணவுக்குக்கூட ஒன்றுகூட முடியாது.

'கலகலப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை சரிவோரம் இசையும் கூட்டமுமாக நடக்கும் அப்ரே-ஸ்கீ ஒன்று. நள்ளிரவுக்குப் பின்னும் திறந்திருக்கும் கிளப்புகள் இன்னொன்று. தனியாகப் போகிறவர் ஹாஸ்டல் பொது அறையில் நாலு பேரைப் பழகிக்கொள்வது மூன்றாவது. மூன்றும் ஒரே ஊரில் அமைவது அரிது.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் எல்லைகளையும் கவனியுங்கள். உதாரணமாக, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள சிறிய மலைநாடான ஆண்டோராவுக்கு விமான நிலையமே இல்லை. பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் நுழைய முடியும். ஆண்டோரா, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேராது. திரும்பும்போது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைவதால் பலமுறை நுழைவு விசா வேண்டும்.

2. முதலில் தேதி, பிறகுதான் இடம்

ஒரே ரிசார்ட், ஒரே அறை. தேதியை மாற்றினால் மட்டும் செலவு வெகுவாக இறங்கும். வட அரைக்கோளத்தில் விலை உச்சத்தில் இருப்பது கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும், பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் அடுத்தடுத்து வரும் நாட்களிலும்தான். அப்போது வகுப்புகள் நிரம்பி வழியும். பயிற்சிச் சரிவில் குழந்தைகள் வரிசை வரிசையாக நிற்பார்கள். நிறுத்தத் தெரியாத ஒருவருக்குக் கூட்டத்தைவிட ஆபத்தானது வேறில்லை.

ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரை சிக்கனத்துக்கு ஏற்ற காலம். குளிர் அதிகம், பகல் குறைவு. ஆனால் பனி மென்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மார்ச் பிற்பாதி கலகலப்பை விரும்புகிறவர்களுக்கு. வெயில் இருக்கும், வெளியே உட்காரலாம். ஆனால் இரவில் உறைந்த பனி காலையில் கல்லாகக் கிடக்கும், மதியத்துக்கு மேல் குழைந்துவிடும். கல்லான பனியில் பின்பக்கமாக விழுந்தால் வால் எலும்பு தாங்காது. மார்ச்சில் போவதானால் காலை ஒன்பது மணி வகுப்பைத் தவிர்த்து, பத்தரைக்குத் தொடங்கும் வகுப்பைத் தேடுங்கள்.

பல ரிசார்ட்டுகளில் சீசனின் தொடக்கத்திலும் முடிவிலும் பல்கலைக்கழக மாணவர் வாரங்கள் நடக்கும். விலை குறைவு, கூட்டம் இளசுகள். தூக்கம் முக்கியம் என்றால் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

3. பயிற்சிச் சரிவின் உயரமும் அமைப்பும்

விளம்பரத்தில் வருவது உச்சியின் உயரம். உங்களுக்கு வேண்டியது பயிற்சிச் சரிவின் உயரம். பல இடங்களில் அந்தச் சரிவு மலையின் அடிவாரத்தில் இருக்கும். பனி முதலில் கரைவதும் அங்கேதான். உச்சியில் இரண்டு மீட்டர் பனி கிடக்கும், கீழே புல் தலைகாட்டிக்கொண்டிருக்கும். பனி அறிக்கையில் பெரும்பாலும் மேல்நிலை, கீழ்நிலை என்று இரண்டு அளவுகள் இருக்கும். கீழ்நிலை அளவை மட்டும் பாருங்கள்.

ஆல்ப்ஸில் 1,500 மீட்டருக்குக் கீழே பயிற்சிச் சரிவு இருந்தால் செயற்கைப் பனி இயந்திரங்கள் உண்டா என்று பார்க்க வேண்டும். அவை இயங்கவும் குளிர் வேண்டும். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால்தான் உருப்படியாகப் பனி வரும். வெதுவெதுப்பான வாரத்தில் எத்தனை இயந்திரங்கள் இருந்தும் பயனில்லை. வட அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த சரிவில் பனி நீடிக்கும்.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை: அகலம், சீரான சாய்வு, கடைசியில் தானாகவே வேகம் குறைந்து நிற்கும்படி ஒரு சமதளம். எல்லாவற்றையும்விட முக்கியம், வேறு பாதை எதுவும் அதன் குறுக்கே வரக்கூடாது. மலை மேலிருந்து ஊருக்கு இறங்கும் முதன்மைப் பாதை பயிற்சிச் சரிவின் ஊடாகவே போகும் ரிசார்ட்டுகள் உண்டு. மாலை மூன்றரை மணிக்குக் களைத்துப்போன நூறு பேர் உங்கள் முதுகுக்குப் பின்னால் வேகமாக வருவார்கள். வரைபடத்தில் கோடுகள் எங்கே சேர்கின்றன என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அடுத்து, பயிற்சிச் சரிவைத் தாண்டியதும் எங்கே போவீர்கள்? ஒரே சேர்லிஃப்டிலிருந்து (கம்பியில் தொங்கும் நாற்காலி) இறங்கும் எளிய பாதைகள் இரண்டோ மூன்றோ இருந்தால் போதும், மீதி வாரம் கழிந்துவிடும். நிறக் குறியீடு நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் பச்சை மிக எளிது, நீலம் எளிது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பொதுவாகப் பச்சை இருக்காது. நீலம் 25 சதவீதச் சாய்வு வரை, சிவப்பு 40 சதவீதம் வரை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம். அங்கே நீலத்தைப் பார்த்து ஐரோப்பிய நீலம் என்று நினைத்து ஏறிவிடாதீர்கள்.

4. லிஃப்ட் வகை: ஸ்கீ செய்பவருக்குச் சரி, உங்களுக்குச் சரியா?

'புதியவர்களுக்கு ஏற்றது' என்ற பரிந்துரைகளில் பாதிக்கு மேல் ஸ்கீ செய்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. ஸ்னோபோர்டுக்குக் கணக்கு வேறு.

மேஜிக் கார்ப்பெட் எனப்படும் நகரும் பட்டைதான் முதல் நாளுக்குச் சிறந்தது. அதில் ஏறி நின்றால் போதும்.

டிராக் லிஃப்ட், அதாவது கம்பியில் தொங்கும் வட்டத் தட்டோ, தலைகீழ் T வடிவக் கம்பியான டி-பாரோ உங்களைப் பனிமேல் இழுத்துக்கொண்டு போவது, ஸ்னோபோர்டருக்குத் தனிச் சோதனை. ஸ்கீ செய்பவர் முன்னோக்கி நிற்பார். நீங்கள் பக்கவாட்டில், ஒரு கால் மட்டும் பலகையின் பிடிப்பானில் (பைண்டிங்) மாட்டியபடி நிற்க வேண்டும். இழுவிசை உடம்பைத் திருகும். நடுவழியில் விழுந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் இறங்க வேண்டும். பயிற்சிச் சரிவுக்கும் முதல் நீலப் பாதைக்கும் டிராக் லிஃப்ட் தவிர வேறு வழி இல்லையென்றால் அந்த ரிசார்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

சேர்லிஃப்டில் உட்காருவது எளிது, இறங்குவதுதான் பாடு. புதிய வகை நாற்காலிகள் நிலையத்துக்குள் வரும்போது கம்பியிலிருந்து கழன்று மெதுவாகும். பழைய வகை அதே வேகத்தில் உங்களைத் தள்ளிவிட்டுப் போகும். பழைய வகை என்றால் ஏறும்போதே ஊழியரிடம் சைகை காட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். அது வழக்கமான வேண்டுகோள்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரிசார்ட்டின் வரைபடத்தில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் சின்னம் இருக்கும். பயிற்சிப் பகுதியைச் சுற்றியுள்ள சின்னங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

5. தட்டையான பாதைகளும் மாலையில் இறங்கும் வழியும்

ஸ்கீ செய்பவருக்குக் கையில் கோல்கள் இருக்கும், சமதளத்தில் தள்ளிக்கொண்டு போய்விடுவார். பலகையில் இருப்பவர் நின்றால் நின்றதுதான். பின்காலைக் கழற்றி ஒற்றைக் காலால் உந்தித்தான் நகர வேண்டும். ஒரு மலையிலிருந்து இன்னொன்றுக்கு இணைக்கும் பாதைகளும், காட்டுச் சாலை வழியே வளைந்து வரும் பச்சைப் பாதைகளும் பெரும்பாலும் இப்படித் தட்டையானவை. குறுகலும்கூட. 'மிக எளிது' என்று பச்சை நிறம் கொடுத்திருப்பதாலேயே ஸ்னோபோர்டருக்கு அது நல்ல பாதை ஆகிவிடாது. சற்றே சாய்ந்த, அகலமான நீலம் அதைவிட எத்தனையோ மேல்.

வரைபடத்தில் நீளமாகக் கிடையாக ஓடும் கோடுகளைச் சந்தேகியுங்கள். பிறகு அந்தப் பாதையின் பெயரைப் போட்டு யூடியூபில் தேடுங்கள். தலைக்கவசக் கேமராவில் எடுத்த காணொளி அனேகமாகக் கிடைக்கும். வேகமாக வந்தவர்கூட ஓரிடத்தில் தவழ்கிறார் என்றால் நீங்கள் அங்கே நடக்கப் போகிறீர்கள்.

இறங்கும் வழியைப் பற்றி இரண்டே கேள்விகள். பயிற்சிப் பகுதி மலை நடுவில் இருந்தால், மாலையில் கோண்டோலாவிலேயே (கம்பியில் ஓடும் மூடிய கூண்டு) ஊருக்கு இறங்க அனுமதி உண்டா? அது உங்கள் பாஸில் அடங்குமா? கடைசிக் கோண்டோலா எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வையுங்கள். பனிக்காலத்தின் நடுவில் பல இடங்களில் நான்கு, நான்கரை மணிக்குள் முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் தெரியாத நீண்ட பாதையில், மங்கும் வெளிச்சத்தில், விழுந்து விழுந்து இறங்க வேண்டியிருக்கும். முதல் வாரக் காயங்களுக்குத் தோதான சூழ்நிலை இதுதான்.

6. பள்ளியிடம் கேட்க வேண்டியவை

நண்பர் சொல்லிக் கொடுப்பார் என்று வகுப்பை விடாதீர்கள். பலகையின் கீழ்ச்சரிவுப் பக்க விளிம்பு பனியில் மாட்டிக்கொண்டால் ஆளை அப்படியே தரையில் அறைந்துவிடும். எடையை எந்த விளிம்பில் வைப்பது என்று முதல் இரண்டு நாளில் முறையாகப் பழகினால்தான் அது குறையும்.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்:

- ஸ்னோபோர்டுக்கென்றே தனித் தொடக்கநிலைக் குழு உண்டா? எந்தக் கிழமை தொடங்கும்? பல பள்ளிகளில் ஞாயிறு அல்லது திங்கள் மட்டுமே. நீங்கள் செவ்வாய்க்கிழமை போய் இறங்கினால் குழு வகுப்பே கிடைக்காமல் போகலாம்.
- குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும்? ஆள் சேராவிட்டால் நேரத்தைக் குறைப்பார்களா, பணத்தைத் திருப்புவார்களா?
- அதிகபட்சம் எத்தனை பேர்? எட்டைத் தாண்டினால் நிற்கும் நேரம்தான் அதிகம்.
- எந்த மொழியில் சொல்லித் தருவார்கள்?
- கூடும் இடம் எது? மலை நடுவில் என்றால் காலையில் கோண்டோலா வரிசையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் படிப்பது, நாலு மணி நேரமாக மூன்று நாள் படிப்பதைவிட நல்லது. களைத்த கால்கள் எதையும் கற்காது. மூன்று பேர் சேர்ந்தால் தனி வகுப்பின் தலைக்கான செலவு குழு வகுப்பை நெருங்கிவிடுவதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

7. முழுக் கணக்கு போடுங்கள்

ஒப்பிட வேண்டியது பனியில் நிற்கும் ஒரு நாளுக்கான மொத்தச் செலவு. விமானம், விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் வரை வண்டி, அறை, சாப்பாடு, பாஸ், வகுப்பு, வாடகைச் சாமான், காப்பீடு. எல்லாவற்றையும் கூட்டி, சறுக்கும் நாட்களால் வகுத்துக்கொள்ளுங்கள். மலிவு விமானம் இரவு பதினொரு மணிக்கு இறங்கி, பேருந்தெல்லாம் போன பிறகு தனி டாக்சி எடுக்க வைத்தால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

பாஸை மொத்தமாக வாங்காதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். முதல் இரண்டு நாளுக்கு பயிற்சிப் பகுதி பாஸோ அரைநாள் பாஸோ போதும். சில இடங்களில் நகரும் பட்டைகள் இலவசம். அதற்குப் பிறகும் உள்ளூர்ப் பகுதி பாஸ் போதும். நாலு பள்ளத்தாக்குகளை இணைக்கும் பெரிய பாஸ் உங்களுக்கு வேண்டாம். வகுப்பு, சாமான், பாஸ் மூன்றையும் சேர்த்து விற்கும் தொடக்கநிலைத் தொகுப்பு இருந்தால் அனேகமாக அதுவே மலிவு.

வாடகைக் கடை பயிற்சிச் சரிவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முதல் நாள் பூட்ஸ் கடித்தால் உடனே மாற்ற வேண்டும். பேருந்து ஏறிப் போய் மாற்ற யாருக்கும் மனம் வராது, வாரம் முழுக்க வலியோடு ஓட்டுவார்கள். மணிக்கட்டுக் காப்பு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிக்கொண்டு போங்கள். புதிய ஸ்னோபோர்டர்களுக்கு மிக அதிகமாக அடிபடுவது மணிக்கட்டில்தான்.

காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். மலை மீட்புச் செலவும் அடங்க வேண்டும். இத்தாலியில் 2022 முதல் பாதைகளில் சறுக்குகிறவர்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு வைத்திருப்பது கட்டாயம். பாஸோடு சேர்த்தே வாங்கலாம். தலைக்கவசமும் அங்கே எல்லா வயதினருக்கும் கட்டாயமாகியுள்ளது.

8. கலகலப்பைத் தூரத்திலிருந்தே சோதிப்பது

வெப்கேமரா பொய் சொல்லாது. நீங்கள் போகும் காலத்தை ஒத்த வாரத்தில், செவ்வாய் அல்லது புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஊரின் நடுத்தெருவைப் பாருங்கள். சனிக்கிழமை பார்த்துப் பயனில்லை. பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ரிசார்ட்டுகள் வார இறுதியில் திமிறும், திங்களன்று காலியாகிவிடும். அதே கேமராவில் காலை ஒன்பதரைக்கு லிஃப்ட் வரிசையையும் பார்த்துவிடலாம்.

அப்ரே-ஸ்கீ மதுக்கூடங்கள் மலை மேலேயே இருக்கும் ஊர்களில், அங்கிருந்து லிஃப்டில் இறங்க முடியுமா என்பது மறுபடி முக்கியமாகிறது. குடித்துவிட்டு, தெரியாத வித்தையில், இருட்டில் இறங்கும் யோசனையே வேண்டாம்.

தங்குமிடம் கூச்சல் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கட்டும். நேர் மேலே அறை எடுத்தால் தூக்கம் போகும். ஊருக்கு வெளியே எடுத்தால் இரவுப் பேருந்து நின்றபின் டாக்சிக்கு அழ வேண்டும்.

9. சில ஊர்களை இந்தச் சல்லடையில் போட்டால்

பன்ஸ்கோ, பல்கேரியா. ஊர் ஏறக்குறைய 930 மீட்டரில், சரிவுகள் தொடங்குவது 1,600 மீட்டர் அளவில். உண்மையான ஊர் என்பதால் இரவில் உயிரோட்டம் உண்டு, சாப்பாடும் தங்குமிடமும் ஆல்ப்ஸோடு ஒப்பிட்டால் மலிவு. சிக்கல் கோண்டோலாதான். காலை வரிசை பேர்போனது. வகுப்பு மேலே என்பதால், கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்றாக வேண்டும். ஊருக்கு இறங்கும் நீண்ட பாதை மாலையில் நெரிசலாகும், சீசன் முடிவில் பனி மெலிந்துவிடும். முதல் வாரத்தில் கோண்டோலாவிலேயே இறங்குங்கள்.

பாஸ் தெ லா காசா, ஆண்டோரா. ஊரே 2,000 மீட்டருக்கு மேல், சரிவு தெருமுனையிலேயே. இறங்கும் வழி பற்றிய கவலை பெருமளவு தீர்ந்தது. வரி குறைவு, இரவு வாழ்க்கை பலமானது. மரங்கள் இல்லாததால் காற்றடிக்கும் நாளில் ஒதுங்க இடமில்லை. இந்த ஊர் சேர்ந்திருக்கும் பெரிய சறுக்குப் பகுதியான கிராண்ட்வலீராவின் முழுப் பாஸை விற்கப் பார்ப்பார்கள், முதல் நாட்களில் வேண்டாம்.

லிவீனியோ, இத்தாலி. 1,816 மீட்டரில் நீண்ட பள்ளத்தாக்கு, வரிவிலக்குப் பகுதி, ஊரின் விளிம்பிலேயே எளிய சரிவுகள். 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு போட்டிகள் நடந்த இடம் என்பது உங்கள் தேர்வில் சேர வேண்டிய காரணம் அல்ல. தூரம்தான் விலை: பெரிய விமான நிலையம் எதிலிருந்தும் பல மணி நேர மலைப்பயணம். ஐந்து நாளுக்குக் குறைவென்றால் ஒத்துவராது.

மாயர்ஹோஃபன், ஆஸ்திரியா. கலகலப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஊர் 630 மீட்டரில், புகழ்பெற்ற பெங்கன் மலை புதியவருக்கு ஏற்றதல்ல. 78 சதவீதச் சாய்வுள்ள ஹராகிரி பாதை அங்கேதான். எதிர்ப்பக்கம் உள்ள ஆஹோர்ன் மலையின் மேல்தளம் அகலமும் மென்மையுமானது. வகுப்பு ஆஹோர்னில் என்று உறுதி செய்துகொண்டு, இறங்கக் கேபிள் காரைப் பயன்படுத்தினால் இது நல்ல தேர்வே.

குடவ்ரி, ஜார்ஜியா. திபிலீசியிலிருந்து ஏறக்குறைய 120 கி.மீ., உயரம் தாராளம், செலவு குறைவு. மரம் வளரும் எல்லைக்கு மேலே என்பதால் மேகம் இறங்கினால் தரையும் வானமும் ஒன்றாகிவிடும். புதியவருக்கு அந்த நாள் வீண். ஊர் சாலையோரம் நீண்டு கிடக்கிறது, லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை எடுக்காவிட்டால் கலகலப்பு காதில் விழாது.

10. பணம் கட்டும் வரிசை

முதலில் பள்ளி. தேதியும் மொழியும் எழுத்தில் உறுதியான பிறகே மற்றவை. அடுத்து, ரத்து செய்யக்கூடிய அறை. பிறகு விமானமும் வண்டியும், நேரம் பார்த்து ஒன்றாக. காப்பீட்டை முதல் தொகை கட்டிய அன்றே எடுங்கள். ரத்துக்கான பாதுகாப்பு அன்றிலிருந்துதான் தொடங்கும். வாடகைச் சாமானை இணையத்தில் முன்பதிவு செய்தால் பெரும்பாலும் தள்ளுபடி உண்டு. உயரம், எடை, ஐரோப்பியக் காலணி அளவு மூன்றையும் சரியாகக் கொடுங்கள். காலணி 44-க்கு மேல் என்றால் அகலப் பலகை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சாதாரணப் பலகையில் கால் விரல் பனியில் உரசி விழ வைக்கும்.

பாஸ் கடைசி. முதல் இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கி, மூன்றாம் நாள் காலை முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்த்து மீதியை வாங்குங்கள். மாணவர், இளைஞர் சலுகைக்கு அடையாள அட்டையைக் கவுன்டரில் காட்ட வேண்டியிருக்கும், அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.